ஒரு குழந்தையின் பாதமும் இருபது வருடக் கணக்கும்

ஏழெட்டு வயதுப் பிள்ளை ஓடும்போது அடிக்கடி தடுக்கி விழுகிறது. செருப்பின் வெளி ஓரம் மட்டும் தேய்கிறது. கணுக்கால் அடிக்கடி பிசகுகிறது. உள்ளங்கால் வருடத்துக்கு வருடம் குழிந்துகொண்டே போகிறது, விரல்கள் கொக்கி போல மடங்குகின்றன. நாலு மருத்துவர்களைப் பார்த்து, பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு பெயர் சொல்கிறார்கள்: ஷார்கோ-மரீ-டூத் நோய். பரம்பரையாக வருகிற நரம்புக் கோளாறு. குணப்படுத்த மருந்து இல்லை. பிறகு எலும்பு மருத்துவர் சொல்கிறார்: "பாதத்தில் ஆபரேஷன் செய்யலாம்."

செய்யலாமா? இப்போதேவா, வளர்ந்த பிறகா? எந்த ஆபரேஷன்?

இது மருத்துவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, வரலாறு படிக்கிற மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்! ஆனால் இந்த முடிவுக்குப் பின்னால் ஏறக்குறைய இருநூறு வருட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. குழந்தையின் காலில் செய்யும் ஆபரேஷன் சரியா தவறா என்பது மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் தெரிவதில்லை. இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் தெரிகிறது. அதற்குள் ஆபரேஷன் செய்த மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார், முடிவெடுத்த பெற்றோர் முதுமையில் இருப்பார்கள். அந்தக் காலோடு நடப்பவர் மட்டும்தான் மிச்சம். இந்த நீண்ட கணக்கை எந்தத் தனி மனிதரும் தன் அனுபவத்தில் இருந்து மட்டும் பார்த்துவிட முடியாது. வரலாறுதான் காட்ட முடியும்.

சரி, தொடக்கத்தில் இருந்து பார்ப்போம்.

பல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை

டூத் என்ற பெயரைக் கேட்டதும் இது ஏதோ பல் வியாதி என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை! ஹோவர்ட் ஹென்றி டூத் ஓர் ஆங்கிலேய மருத்துவர். 1886ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த எம்.டி. ஆய்வேட்டில், முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் மெல்ல மெல்லச் சுருங்கும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். அதே 1886ல் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ழான்-மார்ட்டின் ஷார்கோவும் அவருடைய மாணவர் பியர் மரீயும் ஐந்து நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கால் தசைகளில் தொடங்கி, பிறகு கைகளுக்கும் வரும், ஒரே குடும்பத்தில் பலருக்கு வரும் நோய் என்று அதை விவரித்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வருடத்தில் ஒரே நோய்! மூன்று பேர் பெயரும் சேர்ந்து நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சுவாரஸ்யம். ஷார்கோ அந்தக் காலத்தில் நரம்பியலின் சக்கரவர்த்தி. அவரும் மரீயும் கோளாறு தண்டுவடத்தில் இருக்கலாம் என்று கருதினார்கள். முப்பது வயதான டூத்தோ, கோளாறு கைகால்களுக்குப் போகும் புற நரம்புகளில் இருக்கிறது என்றார். காலம் டூத்தின் பக்கம்தான் நின்றது.

இது அபூர்வத்திலும் அபூர்வமான நோய் அல்ல. 1974ல் நார்வேயில் செய்யப்பட்ட ஒரு கணக்கெடுப்பை வைத்து, சுமார் 2,500 பேருக்கு ஒருவர் என்ற மதிப்பீடு இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. பரம்பரை நரம்புக் கோளாறுகளில் அதிகம் காணப்படுவது இதுதான்.

பாதம் ஏன் வளைகிறது?

நோய் நரம்பில். அப்படியானால் எலும்பு ஏன் கோணலாகிறது? இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஒரு கொடிக்கம்பத்தை நாலு பக்கமும் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கயிறும் ஒரே மாதிரி இழுக்கும்வரை கம்பம் நேராக நிற்கும். இரண்டு கயிறு தளர்ந்தால்? மற்ற இரண்டும் இழுக்கும் பக்கம் கம்பம் சாயும். பாதமும் அப்படித்தான். உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. இந்த நோய் நீளமான நரம்புகளை முதலில் தாக்குகிறது. பாதத்துக்குள்ளேயே இருக்கும் சின்னத் தசைகள் முதலில் வலுவிழக்கின்றன. பிறகு பாதத்தை மேலே தூக்கும் தசையும், வெளிப்பக்கம் திருப்பும் தசைகளில் ஒன்றும் தளர்கின்றன. ஆனால் பாதத்தை உள்பக்கம் இழுக்கும் தசையும், பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைக் கீழே அழுத்தும் தசையும் ஒப்பீட்டளவில் வலுவோடு இருக்கின்றன. விளைவு, உள்ளங்கால் குழிகிறது, குதிகால் உள்பக்கம் சாய்கிறது, நடக்கும் பாரம் முழுவதும் பாதத்தின் வெளி ஓரத்தில் விழுகிறது.

முதலில் இந்தக் கோணலைக் கையால் பிடித்து நேராக்க முடியும். பாதம் இளகியிருக்கும். வருடங்கள் போகப் போக, வளரும் எலும்பு அந்தக் கோணத்திலேயே வளர்ந்து இறுகிவிடும். பிறகு கையால் நேராக்க முடியாது. இந்த "இளகிய பாதம்", "இறுகிய பாதம்" என்ற வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் திருப்பமே அதில்தான் இருக்கிறது.

கத்தியின் முதல் வெற்றி

நோய்க்குப் பெயர் வைப்பதற்கு வெகு காலம் முன்பே கோணல் பாதத்தில் கத்தி வைக்க மனிதர்கள் முயன்றிருக்கிறார்கள். 1816ல் பிரான்ஸின் மான்பெலியேவில் ழாக் டெல்பெச் என்ற மருத்துவர் குதிகால் தசைநாணை வெட்டிப் பாதத்தை நேராக்கினார். ஆனால் காயத்தில் சீழ் பிடித்தது. அவர் மறுபடி அதைச் செய்யவில்லை. மயக்க மருந்து இல்லாத, கிருமி பற்றித் தெரியாத காலம் அது.

1831ல் ஜெர்மனியின் ஹனோவரில் லூயி ஸ்ட்ரோமேயர் ஒரு வழி கண்டார். பெரிதாகக் கிழிக்காமல், தோலில் ஒரு சிறிய துளை வழியாக மெல்லிய கத்தியை நுழைத்துத் தசைநாணை மட்டும் வெட்டுவது. காற்றும் அழுக்கும் உள்ளே போக வாய்ப்புக் குறைவு. சீழ் பிடிப்பதும் குறைந்தது.

அவரைத் தேடி 1836ல் லண்டனில் இருந்து ஓர் இளம் மருத்துவர் வந்தார். பெயர் வில்லியம் ஜான் லிட்டில். சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் அவருடைய இடது பாதம் கோணிப் போயிருந்தது. ஸ்ட்ரோமேயர் அவருக்கு ஆபரேஷன் செய்தார். பாதம் நேரானது. லிட்டில் அந்த முறையைக் கற்றுக்கொண்டு லண்டன் திரும்பி, 1838ல் கோணல் கால்களுக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் தொடங்கக் காரணமாக இருந்தார். தன் காலையே சாட்சியாக வைத்துக்கொண்டு பிரசாரம் செய்தவர் அவர்!

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, லிட்டில் அப்போது இருபத்தைந்து வயது ஆண்மகன், மருத்துவமும் படித்தவர். தன் காலைப் பற்றித் தானே முடிவெடுத்தார். இரண்டு, அவரைத் தாக்கிய நோய் எப்போதோ வந்து போய்விட்ட நோய். மிஞ்சியது கோணல் மட்டும்தான். அதை ஒருமுறை நேராக்கினால் அது நேராகவே இருக்க வாய்ப்பு அதிகம். நம் கட்டுரையின் குழந்தைக்கு இந்த இரண்டுமே இல்லை. முடிவெடுப்பவர் வேறு ஒருவர். நோயோ, இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

போலியோ தந்த ஆபரேஷன்

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எலும்பு மருத்துவர்களுக்குப் பெரிய வேலை கொடுத்தது போலியோ. ஆயிரக்கணக்கான குழந்தைகளின் கால்கள் செயலிழந்தன. தொளதொளவென்று ஆடும் பாதத்தை எப்படி நிலையாக நிறுத்துவது என்பதே அன்றைய கேள்வி.

பதில், மூட்டுகளை ஒட்டிவிடுவது. 1921ல் அட்லாண்டாவின் மைக்கேல் ஹோக் ஒரு முறையை வெளியிட்டார். 1923ல் சிகாகோவின் எட்வின் ரையர்சன், கணுக்காலுக்குக் கீழே இருக்கும் மூன்று மூட்டுகளை ஒருசேர இணைக்கும் முறையை விவரித்தார். மூட்டின் வழுவழுப்பான பரப்பைச் செதுக்கி எடுத்துவிட்டு, எலும்போடு எலும்பைப் பொருத்தி மாவுக்கட்டுப் போட்டால், முறிந்த எலும்பு கூடுவது போல அவை கூடி ஒரே எலும்பாகிவிடும். பாதம் அதன்பிறகு ஆடாது, சாயாது. இதற்கு மூன்று மூட்டு இணைப்பு என்று பெயர். எலும்பு வளர்ந்து முடிவதற்கு முன் செய்தால் பாதம் குட்டையாகிவிடும் என்பதால் பொதுவாகப் பன்னிரண்டு வயது வரையாவது காத்திருந்து செய்தார்கள்.

இதே காலத்தில் சிறிய ஆபரேஷன்களும் வந்தன. லிவர்பூலின் ராபர்ட் ஜோன்ஸ், பெருவிரலைத் தூக்கும் தசைநாணை விரலில் இருந்து எடுத்து அதன் பின்னால் உள்ள எலும்பில் கட்டினார். வியன்னாவில் படித்து அமெரிக்காவின் அயோவாவில் குடியேறிய ஆர்தர் ஸ்டெயிண்ட்லர், உள்ளங்காலில் வில்லின் நாண் போல இறுகியிருக்கும் சவ்வைக் குதிகால் எலும்பில் இருந்து விடுவிக்கும் முறையை எழுதினார்.

ஆனால் உறுதியான, முடிவான சிகிச்சை என்று பெயர் வாங்கியது மூன்று மூட்டு இணைப்புதான். போலியோவுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. ஏனென்றால் போலியோ ஒருமுறை தாக்கிவிட்டுப் போய்விடும். எந்தத் தசை செத்தது, எது பிழைத்தது என்பது ஒன்றிரண்டு வருடத்தில் தெரிந்துவிடும். கணக்கு மாறாது.

1955ல் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி வந்தது. பணக்கார நாடுகளில் போலியோ மளமளவென்று குறைந்தது. போலியோவுக்காக உருவான ஆபரேஷனோ, கோணல் பாதம் உள்ள மற்ற குழந்தைகளுக்கும் வழக்கமான சிகிச்சையாகத் தொடர்ந்தது. அதில் ஷார்கோ-மரீ-டூத் நோய்க் குழந்தைகளும் அடக்கம். நின்றுபோன நோய்க்காகத் தைத்த சட்டையை, நடந்துகொண்டிருக்கும் நோய்க்கு மாட்டினார்கள்! யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பாதம் நேராக, அழகாக இருந்தது. பெற்றோருக்கு சந்தோஷம், மருத்துவருக்கும் சந்தோஷம்.

1989: கணக்குப் பார்த்த வருடம்

1989ல் வெட்மோர், டிரென்னன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஷார்கோ-மரீ-டூத் நோய்க்காக மூன்று மூட்டு இணைப்பு செய்துகொண்ட 16 பேரைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய 30 பாதங்களைப் பரிசோதித்தார்கள். ஆபரேஷன் முடிந்து சராசரியாக 21 வருடம் ஆகியிருந்தது. முடிவு இதுதான்:

மிக நன்று - 2 பாதங்கள்
நன்று - 5 பாதங்கள்
சுமார் - 9 பாதங்கள்
மோசம் - 14 பாதங்கள்

முப்பதில் பதினான்கு மோசம்! என்ன நடந்தது? மூன்று மூட்டுகள் ஆடாமல் போனதால் அவற்றின் வேலையையும் கணுக்கால் மூட்டு சுமந்தது. வருடங்கள் போகப் போக அது தேய்ந்தது. இன்னொரு பக்கம், நோய் தன் வேலையை நிறுத்தவில்லை. தசைகளின் சமநிலை மேலும் குலைந்து, கோணல் சிலருக்குத் திரும்பி வந்தது. மூன்று மூட்டு இணைப்பை வேறு வழியே இல்லாத, இறுகிப்போன பாதங்களுக்கு மட்டும் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கருத்து இதற்குப் பிறகு வலுத்தது.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே 1989ல், இதைவிடக் குறைந்த காலம் தொடர்ந்து பார்த்த வேறொரு ஆய்வு இவ்வளவு மோசமான படத்தைத் தரவில்லை. 1999ல் அயோவாவில் இருந்து வந்த ஆய்வு இன்னும் வியப்பானது. போலியோ உட்படப் பல காரணங்களுக்காக இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 57 பேரின் 67 பாதங்களை 25 வருடத்தில் ஒருமுறையும் 44 வருடத்தில் ஒருமுறையும் பார்த்தார்கள். 44 வருடத்தில் எல்லாருடைய கணுக்காலிலும் ஏதோ ஓர் அளவு தேய்மானம் இருந்தது. ஆனால் 95 சதவீதம் பேர் "ஆபரேஷன் செய்துகொண்டதில் திருப்திதான்" என்றார்கள்.

எக்ஸ்ரே ஒன்று சொல்கிறது, மனிதர் வேறொன்று சொல்கிறார். யாரை நம்புவது? இரண்டையும்தான். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானம் உண்மை. அந்த ஆபரேஷன் இல்லாமல் நாற்பது வருடம் எப்படி நடந்திருப்போம் என்று அந்த மனிதர் தனக்குள் போடும் கணக்கும் உண்மை.

ஒரு மரக்கட்டைச் சோதனை

மூட்டை ஒட்டாமல் பாதத்தை நேராக்க வழி தேடியவர்களும் இருந்தார்கள். 1959ல் லிவர்பூலின் ஃபிரெடெரிக் டுவையர், மூட்டைத் தொடாமல், குதிகால் எலும்பிலேயே ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, சாய்ந்த குதிகாலை நிமிர்த்தும் முறையை எழுதினார். எலும்பு வெட்டுப்பட்டாலும் மூட்டு பிழைத்தது.

1977ல் ஷெர்மன் கோல்மன் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய சக மருத்துவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இவ்வளவு எளிதா என்று தோன்றும்! சுமார் ஓர் அங்குல உயர மரக்கட்டை ஒன்று வேண்டும். குழந்தையின் குதிகாலும் பாதத்தின் வெளி ஓரமும் கட்டையின் மேல் இருக்க வேண்டும். பெருவிரல் பக்கம் மட்டும் கட்டைக்கு வெளியே கீழே இறங்கட்டும். இப்போது பின்னால் இருந்து குதிகாலைப் பாருங்கள். சாய்ந்திருந்த குதிகால் நேரானால், கோணலுக்குக் காரணம் முன்பக்கம், பெருவிரல் பின் எலும்பு கீழே அழுந்துவது. குதிகால் மூட்டு இன்னும் இளகித்தான் இருக்கிறது. முன்பக்கத்தைச் சரிசெய்தால் பின்பக்கம் தானே சரியாகும். குதிகால் நேராகவில்லை என்றால் அது இறுகிவிட்டது, அங்கும் கை வைக்க வேண்டும்.

ஒரு மரக்கட்டை செய்த காரியத்தைப் பாருங்கள். அதுவரை "ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா" என்று இருந்த கேள்வியை "இந்தப் பாதம் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது" என்று அது மாற்றியது.

2008ல் அயோவாவில் இருந்தே மற்றொரு ஆய்வு வந்தது. ஷார்கோ-மரீ-டூத் நோய் உள்ள 25 பேர், 41 பாதங்கள். பாதம் இளகியிருந்தபோதே, பெரும்பாலும் பதின்பருவத்தில், மூட்டை ஒட்டாமல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். உள்ளங்கால் சவ்வை விடுவித்து, பெருவிரல் பின் எலும்பை வெட்டி உயர்த்தி, வலுவான தசைநாணைத் தளர்ந்ததன் இடத்துக்கு மாற்றிக் கட்டும் ஆபரேஷன் அது. சராசரியாக 26 வருடம் கழித்துப் பார்த்தபோது, மூன்று மூட்டு இணைப்பு பற்றி முன்பு வந்த கணக்குகளோடு ஒப்பிட்டால் மூட்டுத் தேய்மானமும் மறு ஆபரேஷனும் குறைவாக இருந்தன. எல்லாப் பாதமும் நேராகவே இருந்தது என்றில்லை. சிலருக்குக் கோணல் கொஞ்சம் திரும்பியது. ஆனாலும் அசையும் மூட்டோடு நடந்தார்கள்.

நம்மூரில் நடந்த ஒரு கிளைக்கதை

தசைநாணை இடம் மாற்றிக் கட்டும் கலைக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. தொழுநோயும் நரம்பைத் தாக்கும் நோய்தான். பாதத்தைத் தூக்கும் நரம்பு பழுதானால் பாதம் தொங்கிவிடும். 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயால் செயலிழந்த கைகளுக்கும் கால்களுக்கும் தசைநாண் மாற்று ஆபரேஷன்கள் செய்து உலகப் புகழ் பெற்றார். 1968ல் செங்கல்பட்டில் எச்.சீனிவாசனும் அவருடைய குழுவினரும், பாதத்தை உள்பக்கம் இழுக்கும் தசையின் நாணை இரண்டாகப் பிரித்துப் பாதத்தின் மேல்பக்கம் கட்டி, தொங்கும் பாதத்தைத் தூக்கவைக்கும் முறையை வெளியிட்டார்கள்.

அதே தசையை இடம் மாற்றும் ஆபரேஷன் ஷார்கோ-மரீ-டூத் நோயிலும் செய்யப்படுகிறது. அதில் இரட்டை லாபம். உள்பக்கம் இழுத்துக் கோணலாக்கும் கயிறு அங்கிருந்து போய்விடுகிறது, அதே கயிறு பாதத்தைத் தூக்கவும் உதவுகிறது. ஆனால் பழைய எச்சரிக்கை இங்கும் பொருந்தும். தொழுநோயை மருந்தால் நிறுத்தலாம். இந்த நோய் நிற்பதில்லை. இடம் மாற்றிய தசையும் நாளை தளரக்கூடும். மேலும், இடம் மாறிய தசைக்குப் புது வேலையைப் பயிற்சியால் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஒத்துழைக்கும் வயது குழந்தைக்கு வந்திருக்க வேண்டும்.

மரபணு பதில் சொல்லுமா?

1968ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பீட்டர் டைக், எட்வர்ட் லாம்பர்ட் இருவரும் நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தை அளந்து இந்த நோயை வகை பிரித்தார்கள். 1991ல் ஹூஸ்டனிலும் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே முக்கியமான கண்டுபிடிப்பைச் செய்தன. இந்த நோயின் மிகப் பரவலான வகைக்குக் காரணம், 17வது குரோமோசோமின் ஒரு பகுதி இரட்டிப்பாக இருப்பது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

ஹூஸ்டன் குழுவை நடத்திய ஜேம்ஸ் லுப்ஸ்கிக்கே இந்த நோய் உண்டு. ஆனால் அவர் கண்டுபிடித்த காரணம் அவருக்குப் பொருந்தவில்லை! அவருடைய வகை வேறு. 2010ல் அவருடைய மரபணுத் தொகுதி முழுவதையும் படித்த பிறகுதான் அவருக்கான காரணம் வேறொரு மரபணுவில் இருப்பது தெரிந்தது.

மருந்தும் தேடினார்கள். 2004ல் வைட்டமின் சி கொடுத்த எலிகளில் முன்னேற்றம் தெரிந்தது. பெரிய நம்பிக்கை! பிறகு பல நாடுகளில் மனிதர்களிடம் சோதித்தபோது பலன் இல்லை.

மரபணுப் பரிசோதனை நோயின் வகையைச் சொல்லும், பொதுவாக எப்படிப் போகும் என்று கோடிகாட்டும். ஆனால் இந்தக் குழந்தையின் இடது பாதம் பதினைந்து வயதில் எவ்வளவு வளைந்திருக்கும் என்று சொல்லாது. ஒரே குடும்பத்தில், ஒரே மரபணுக் கோளாறு உள்ள அண்ணனும் தங்கையும் வெவ்வேறு விதமாக நடக்கிறார்கள். அதனால் மரபணு வந்த பிறகும் பழைய மரக்கட்டைக்கு வேலை போகவில்லை.

முடிவு யாருடையது?

பரம்பரை நோய் என்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. முடிவெடுக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பல குடும்பங்களில் அதே நோய் இருக்கும். 1970களில் மூட்டை ஒட்டிக்கொண்ட தாய் ஒருவர் தன் வலியை வைத்து "என் பிள்ளைக்குக் கத்தியே வேண்டாம்" என்று சொல்லலாம். ஆபரேஷனே செய்துகொள்ளாமல் பாதம் கல்லாக இறுகிப்போன தகப்பன் ஒருவர் "நாளைக்கே செய்யுங்கள்" என்று சொல்லலாம். இருவர் சொல்வதும் அனுபவம்தான். ஆனால் இருவருமே தங்கள் காலத்து ஆபரேஷனைப் பற்றி, தங்கள் பாதத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பிள்ளையின் பாதம் வேறு, காலமும் வேறு.

குழந்தையைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே வரலாற்றில் புதிது. 1985ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை, கில்லிக் வழக்கில், சிகிச்சையை முழுமையாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் 16 வயதுக்குட்பட்டவரும் தானே சம்மதம் தரலாம் என்று தீர்ப்பளித்தது. 1989ல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12வது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியா 1992ல் இதை ஏற்றது. சட்டம் என்ன சொன்னாலும் சரி, வாரக்கணக்கில் மாவுக்கட்டோடு இருக்கப் போவதும், பள்ளி விளையாட்டை விடப் போவதும், பிறகு பயிற்சி செய்யப் போவதும் அந்தப் பிள்ளைதானே!

இருநூறு வருடம் என்ன சொல்கிறது?

2020ல் இந்த நோயில் அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் கூடி ஒரு பொது அறிக்கை வெளியிட்டார்கள். வலுவான ஒப்பீட்டு ஆய்வுகள் குறைவு என்பதாலேயே அனுபவசாலிகளின் ஒருமித்த கருத்து தேவைப்பட்டது. அதன் சாரம்: எலும்பை வெட்டி நிமிர்த்துவதும், தசைநாணை மாற்றிச் சமநிலை தருவதும் முதல் வழி. மூட்டை ஒட்டுவது, வேறு வழியில் நேராக்க முடியாத அல்லது தேய்ந்துவிட்ட மூட்டுக்கு மட்டும்.

இதையும் முந்தைய கதையையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு குடும்பம் மருத்துவர் முன் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகள் தாமே வந்து நிற்கின்றன.

பாதம் இன்னும் இளகியிருக்கிறதா, இறுகிவிட்டதா? ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர்ந்து பார்த்ததில் எவ்வளவு வேகமாக மாறுகிறது? தசைநீட்டுப் பயிற்சி, காலுறைக்கு மேல் போடும் தாங்கி, பொருத்தமான பூட்ஸ் இவற்றோடு சமாளிக்க முடிகிறதா, இல்லை வலியும் பிசகும் விழுவதும் மிஞ்சிப் போகிறதா? நீங்கள் சொல்லும் ஆபரேஷன் மூட்டை விட்டுவைக்குமா, ஒட்டிவிடுமா? நாளைக்கு நோய் வளர்ந்தால் அடுத்த வழி ஏதாவது மிச்சம் இருக்குமா?

கடைசிக் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. 1989ன் அந்தப் பதினான்கு பாதங்கள் சொல்வது "ஆபரேஷன் கூடாது" என்பதல்ல. நடந்துகொண்டிருக்கும் நோய்க்கு, திரும்பி வர முடியாத சிகிச்சையை முதலிலேயே கொடுக்காதே என்பதுதான். அதேபோல "பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம்" என்று பாதம் இறுகும்வரை தள்ளிப்போடுவதும் ஒரு முடிவுதான். அப்போது மூட்டை ஒட்டுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். காத்திருப்பது தவறில்லை. கவனித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆபரேஷன் நோயைக் குணப்படுத்தாது. நரம்பு அப்படியேதான் இருக்கும். தாங்கி போடுவது தொடரலாம். பாதம் தரையில் தட்டையாகப் பதிய வேண்டும், பூட்ஸில் நுழைய வேண்டும், விழாமல் பள்ளிக்கு நடந்து போக வேண்டும். இவ்வளவுதான் அது தரக்கூடியது. ஒரு பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தசைநாணை வெட்டிய ஸ்ட்ரோமேயர், மூட்டை ஒட்டிய ரையர்சன், எலும்பை நிமிர்த்திய டுவையர் எல்லாரும் கெட்டிக்காரர்கள். ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு அதிக மரியாதை வருவது, இருபது வருடம் கழித்துப் பழைய நோயாளிகளைத் தேடிப்போய், "உங்கள் கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, கிடைத்த பதிலை அது மோசமாக இருந்தும் மறைக்காமல் அச்சிட்டவர்கள் மேல்தான். இன்று முடிவெடுக்கும் ஒரு பெற்றோர் கையில் இருக்கும் வெளிச்சம் அவர்கள் ஏற்றி வைத்தது.